சைவம் என்றுதான் கேட்டேன்

மாமனாரையும் மாமியாரையும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வடக்கே வர ஆறு மணித்தியாலம் பிடித்தது. வழக்கமாக மூன்றரை, மிஞ்சினால் நான்கு. மாமனாருக்கு நீரிழிவு, மாமியாருக்கு வேன் ஓடினால் தலைசுற்றல், என் மனைவி செல்விக்கு வயிற்றில் ஐந்து மாதம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவருக்காக நிறுத்தினோம். வேன்காரர் ரிஸ்வான் பொறுமைசாலி, நாலு பிள்ளைக்குத் தகப்பன். அவரே ஏழாவது தடவை நிறுத்தும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே தென்னந்தோட்டத்தைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

செல்வி லால்குடிக்காரி. நான் ஐந்து வயதில் கிளிநொச்சியிலிருந்து பெற்றோரோடு வள்ளமேறி இந்தியா போய், திருச்சி முகாமில் வளர்ந்து, எஞ்சின் திருத்தும் வேலையை அங்கேயே பழகி, அவளையும் அங்கேயே கட்டினவன். அம்மாவும் அப்பாவும் அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார்கள். சண்டை முடிந்து நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது கிளிநொச்சியில் எனக்கென்று எதுவும் மிச்சமிருக்கவில்லை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் தங்கிவிட்ட சித்தப்பா ஒருவர்தான் மாம்புரியில் வீடு பார்த்துத் தந்தார். கரை முழுக்கப் படகு, படகுக்கெல்லாம் எஞ்சின். வேலைக்குக் குறைவில்லை.

மாமனாரும் மாமியாரும் ஊர் பார்க்க வரவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அவர்கள் வழக்கம். அதோடு செல்விக்கு முன்பு இரண்டு தடவை கரு தங்கவில்லை. ஆகவே மகளையும் கூட்டிப் போவதென்று மூன்று பேருக்குத் திரும்பும் டிக்கெட்டோடு வந்திருந்தார்கள். இரண்டு பேரை மட்டும் ஏற்றி அனுப்புவதென்று நான் இருந்தேன். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், இருக்கிற ஊர் என்று படிவத்துக்குப் படிவம் நான் பட்ட பாடு போதும். என் பிள்ளை நான் குடியிருக்கிற ஊரில் பிறந்து, அந்த ஊர்ப் பெயரிலேயே பதிவாக வேண்டும். ஐந்து நாளில் மாமியாருக்கு இந்த ஊரைப் பிடிக்க வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் நாள் இருட்டுகிற நேரம் பாலாவிச் சந்திக் கடையில் இறங்கினோம். உட்கார்ந்ததும், எங்கள் கடைகளின் வழக்கப்படி, யாரும் கேட்காமலே ஒரு தட்டு நிறையக் கட்லட்டும் ரோல்ஸும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மாமனார் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"எட்டு வச்சிருந்தாங்க மாப்ள. மிச்சம் வச்சா மரியாதையா இருக்காதுல்ல" என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

மாமியாருக்கு இதெல்லாம் ஆகாது. காவேரிக் கெண்டை என்றால் உயிரை விடுகிற மனுசி அவர். இரண்டாவது கருவும் போன பிறகு, பேரப்பிள்ளையைக் கையில் வாங்கும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டார். ஒன்றரை வருடமாகிறது. பாதியாக இளைத்திருந்தார்.

நான் பரிமாறுகிறவரிடம் சைவம் என்றுதான் கேட்டேன். "ஓம், சைவம் ஈக்குது" என்றார். இடியப்பம், பருப்பு, சொதி, தேங்காய்ச் சம்பல் வந்தன. மாமியார் சம்பலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினார். ஆறு இடியப்பம் போனது. "இந்தத் தொவையல்ல இன்னும் கொஞ்சம் கேளுங்க மாப்ள" என்றார்.

அப்போதுதான் எனக்கு மாசி நினைவுக்கு வந்தது. மாலைதீவிலிருந்து வருகிற சாமான், சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்தது. இடித்துச் சம்பலில் போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கு மட்டும் தெரியும். இந்தக் கரையில் அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, உப்புப் புளி கணக்குத்தான். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் செல்வி என் காலை நன்றாக மிதித்தாள். இரண்டாவது கிண்ணம் சம்பலும் வந்தது.

அன்றிரவு மாம்புரி வீட்டுக்கு வந்ததும் மாமியார் நேராகக் குசினிக்குள் போனார். சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். எல்லாம் மீன் ஆக்கின சட்டி. "இதுல நான் வெந்நி கூடப் போட மாட்டேன்" என்று மகளிடம் சொன்னார். புதுச் சட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். அஞ்சு நாள் இருக்க வந்த இடத்தில் அடுப்பங்கரை எதற்கு, கடையில் சைவம்தான் நன்றாகக் கிடைக்கிறதே என்று மாமனார் முடித்துவைத்தார். மீன் சட்டிக்குப் பயந்து நாங்கள் ஐந்து நாளும் கடைச் சாப்பாடு சாப்பிட்டது இப்படித்தான்.

மறுநாள் கற்பிட்டிக்கு வெளிக்கிட்டோம். வழியில் நடுத்தெருவில் நான்கு கழுதைகள் நின்றன. இந்தப் பக்கத்துக் கழுதைகளுக்கு எசமானும் கிடையாது, அவசரமும் கிடையாது. ரிஸ்வான் ஹோன் அடித்தார், இறங்கிக் கை தட்டினார், கடைசியில் வேனிலேயே சாய்ந்துகொண்டு நின்றார். மாமனார் மட்டும் கழுதையைக் கண்டால் நல்லதென்று கும்பிட்டுவிட்டு, படமும் எடுத்தார். "எங்க ஊர்ல கழுதையே இல்லாமப் போச்சு மாப்ள. எல்லாம் இங்க வந்துருச்சு போல" என்றார். கடற்கரையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டும்வரை மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். 

மத்தியானம் கற்பிட்டியில் சாப்பிட உட்கார்ந்ததும் நான் கை கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போனேன். சமையல்காரர் வயதான முஸ்லிம் மனிதர், சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். இங்கே அப்படியானவரை நானா என்று, அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவது.

"நானா, மாசி போடாம என்ன இருக்கு?"

"மாசி போடாமயா? சம்பல்ல மாசி. பருப்புல மாசி. கத்தரிக்காய்ல மாசி. போடாதது சோறும் தண்ணியும்தான் வாப்பா."

"சைவ ஆளுக்கு வேணும்."

"சைவந்தானே. நாம மீனா போட்டீக்குறோம், மாசிதானே போட்டீக்குறோம்" என்றார், உண்மையாகவே விளங்காமல்.

நான் திரும்பி வரும்போது மாமியார் சோற்றில் குழிபறித்துப் பருப்பை ஊற்றிவிட்டிருந்தார். உறைப்பு அதிகம் மாமி, சம்பல் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒறச்சா என்ன மாப்ள, நாக்கு செத்துக் கெடந்துச்சு" என்றார். அவர் சாப்பிடுவதைச் செல்வி பார்த்துக்கொண்டேயிருந்தாள். தனக்குக் கலியாணம் முடிந்த நாளிலிருந்து அம்மா இப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னாள்.

பின்னேரம் கிணற்றடியில் வைத்து அவளிடம் கேட்டேன். "சொல்லிவிடட்டா?"

"சொன்னா அம்மா இந்த ஊர்ச் சோறே வேணாம்னு நாளைக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிரும். அதான் வேணுமா உங்களுக்கு?"

"வேண்டாம்" என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் ஓடி வாளியை வாங்கினேன்.

மூன்றாம் நாள் ஆலங்குடாவில் டொல்பின் பார்க்கப் படகு. செல்வி கரையில் இருந்தாள். எஞ்சின் நான் போன கிழமைதான் கழற்றிப் பூட்டியது என்று மாமனாரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவைத்தேன். முக்கால் மணித்தியாலம் ஓடி, டொல்பின்கள் முதுகு காட்டத் தொடங்கிய இடத்தில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. எண்ணெய்க் குழாயில் தண்ணீர். நான் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்ய, மாமனார் ஒரு பக்கம் சரிந்து நேற்றைய சாப்பாட்டையும் சேர்த்துக் கடலுக்குக் கொடுத்தார். மாமியார் கண்ணை மூடிச் சமயபுரத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "என் விரதத்துல கொறை இல்லம்மா, கரை சேத்துரு" என்று அவர் சொல்வது எனக்குக் காதில் விழுந்தது. என் கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவி நழுவிக் கடலுக்குள் போய்விட்டது.

கடைசியில் அந்தோனி அண்ணையின் படகு எங்களைக் கட்டி இழுத்தது. ஆலங்குடா ஆள், தெரிந்தவர். "இது நீ சேர்விஸ் பண்ணின எஞ்சினோ தம்பி?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். ஓம் என்றேன். 

அன்றைக்குச் செலவைப் பார்க்காமல், பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே சைவம் என்றால் சைவம். அவித்த கரட், அவித்த பீன்ஸ், உப்பில்லாத உருளைக்கிழங்கு, பக்கத்தில் ஒரு இலை. மூன்று நாளில் எனக்கு முதன்முதலாக நிம்மதியாகச் சோறு இறங்கியது. மாமியார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு. அந்தப் பழைய கடைக்கே போலாம் மாப்ள."

நான்காம் நாள் புத்தளம் ஆஸ்பத்திரியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பிரசவ வார்டில் ஒரு தாதி மாமியாரைக் கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். திரும்பும் வழியில் அவர் கேட்டபடியே பாலாவிக் கடையில் இடியப்பம். மூன்றாவது கிண்ணம் சம்பலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நான் நான்கு நாளாகக் காத்திருந்ததை மாமியார் தானாகவே சொன்னார்.

"எனக்கே இங்க வந்து ஒடம்பு தேறிருச்சு. ஆஸ்பத்திரியும் பரவால்ல. இவள விட்டுட்டுப் போலாம்னுதான் தோணுது. எதுக்கும் அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

விமான நிலையத்துக்குப் போகிற வழியில் சிலாபத்தில் முன்னேஸ்வரம் கோயில் இருக்கிறதென்று மாமனார் யாரிடமோ விசாரித்துவைத்திருந்தார். அவர்கள் ஊரில் இப்படித்தான் பெரிய காரியங்களை முடிவு செய்வார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அடையாளம் தெரியாமல் மடித்துச் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செல்வி இங்கே. சிவப்பு வந்தால் லால்குடி. எதற்கும் இருக்கட்டுமென்று மாமனார் செல்வியின் பையையும் பாஸ்போட்டையும் வேனில் ஏற்றச் சொன்னார்.

நான் ஒத்துக்கொண்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு முதல் நாள்வரை அதுவும் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சிலாபம் வந்து சேர்ந்தோம். மாமியார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயில் வாசலில் பூ வாங்கி, வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலமும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். முகம் பளிச்சென்று இருந்தது.

"இதுக்கு ஒண்ணு இருக்கு மாப்ள. கேக்குறவ சுத்தமா இருக்கணும். நேந்துக்கிட்டதுல கொறை இருந்தா உத்தரவு பொய்யாப் போயிரும். ஒன்றர வருஷம் நான் ஒரு நாள் தப்பல. அதச் சொல்லித்தான் கேக்கப் போறேன்."

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. முகாமில் வளர்ந்தவனுக்கு அது இரண்டில் ஒன்று, மிதமிஞ்சி வரும் அல்லது வராது. ஆனால் இந்த மனுசி போய் நின்று, என் பிள்ளைக்காக, நான் அறிந்த ஒரு பொய்யைத் தனக்குத் தெரியாமலே சொல்லப் போகிறார். அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"மாமி, கொஞ்சம் நில்லுங்கோ."

"என்ன மாப்ள?"

"நீங்கள் சாப்பிட்ட சம்பலில மீன் கிடந்தது. மாசி எண்டு சொல்லுறது, இடிச்சுப் போடுவினம். பருப்பிலயும் இருந்தது. முதல் நாளே எனக்குத் தெரியும்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மாமனாருக்கு விளங்கிவிட்டது. அவசரமாக நடுவில் வந்தார். "தெரியாமச் சாப்ட்டதுதானடி. அதுக்கெல்லாம் தோசம் கெடையாது."

"எனக்குத் தெரியாது, சரி. மாப்ளைக்குத் தெரியும்ல. அவரு புள்ளைக்குத்தான நான் நேந்துக்கிட்டது."

"எனக்கும் தெரியும்மா" என்றாள் செல்வி. "நீ சாப்புடுறதப் பாத்துட்டு என்னால சொல்ல முடியல."

மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். வாசல் ஓரத்தில் இருந்த குழாயில் வாயைக் கொப்பளித்தார், திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். பிறகு வந்து பொட்டலங்களைப் பிரித்து, வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகக் கலந்து ஒரே இலையில் வைத்தார்.

"இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உத்தரவு கேக்குறது" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "நீயே சொல்லு. இருக்கியா, வர்றியா?"

செல்வி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பயமா இருக்குங்க. ரெண்டு தடவையும் நீங்க கடக்கரையில எஞ்சின்கிட்ட நின்னீங்க. நான் வீட்டுல தனியாத்தான் கெடந்தேன். இந்தத் தடவ அம்மா பக்கத்துல இருக்கணும்."

இத்தனை மாதமாக இந்த விசயத்தை நான் எத்தனையோ பேரோடு கதைத்திருக்கிறேன். சித்தப்பாவோடு, ரிஸ்வானோடு, போனில் மாமனாரோடு, எஞ்சின் கழுவிக்கொண்டே எனக்குள் நானேகூட. அவளிடம் கேட்டதில்லை. கேட்காமலே அவள் என் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். கோயில் வாசலில் நின்ற எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போய்க் கும்பிட்டோம். கலந்த பூவை ஐயர் வாங்கி அம்மனுக்குப் போட்டார். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, நின்று பார்த்துவிட்டு வந்தார்.

விமான நிலையத்தில் பைகளை இறக்கி, தள்ளுவண்டியில் அடுக்கி, செல்வியின் மருந்துகளை எண்ணிக் கொடுத்தேன். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னமே வந்துவிடுகிறேன் என்றேன். எஞ்சினை யார் பார்ப்பது என்று அவள் கேட்டாள். அந்தோனி அண்ணை பார்ப்பார், அல்லது ஒருவரும் பார்க்க வேண்டாம் என்றேன். அவள் சிரித்தாள். உள்ளே போகப் போன மாமியார் திரும்பி என்னிடம் வந்தார். 

"மாப்ள, நான் இன்னையிலேருந்து மறுபடி விரதம் புடிக்கிறேன். நீங்களும் புடிங்க. ரெண்டு பேரு புடிச்சா, ஒருத்தரு தவறுனாலும் இன்னொருத்தரு இருப்போம்ல."

சரி மாமி என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் செல்வி கொஞ்சத் தூரம் தெரிந்தாள். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

திரும்பும்போது வேன் எங்கும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. பாலாவிக்கு வர மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று ரிஸ்வானே கடைக்கு முன்னால் வேனை நிறுத்தினார். முதல் நாள் பரிமாறியவர்தான் வந்தார். ரிஸ்வான் சோறும் பாரை மீன்கறியும் சொன்னார்.

"எனக்கு மாசி போடாம என்ன இருக்கு?" என்று நான் கேட்டேன்.

பரிமாறுகிறவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பாணும் வாழைப்பழமும்தான் ஈக்குது. ஏன், வயித்துக்குச் சரியில்லையா?"

"நேர்த்தி. பிள்ளைக்கு."

அவர் மேசையில் வைத்த சம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, துண்டு போட்ட பாணும் பழமும் பால் இல்லாத பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தார். இன்னும் நான்கு மாதம். அதில் மூன்று மாதம் மீன்பிடிக் கரையில், படகுக்காரர்கள் கூலியோடு மீனும் கொடுத்தனுப்புகிற தொழிலில், எப்படிக் கழிக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கென்று, அதன் தாய்க்கென்று நான் செய்கிற முதல் காரியம் இது.

ரிஸ்வான் எங்கள் கதை முழுவதையும் வேனில் கேட்டுக்கொண்டு வந்தவர். தன் மீன்கறிப் பிங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நான் அந்த மேசைக்குப் போறன். உங்களுக்கு மணக்கும்."

"இதிலயே இருங்கோ ரிஸ்வான்" என்றேன். "தனிய இருந்து சாப்பிட ஏலாமல் இருக்கு."